பகிடிப் படம் பார்த்த அக்கா

போன சனிக்கிழமை நீங்கள் எல்லோரும் பட்டணத்துக்குச் சிரிப்புப் படம் பார்க்கப் புறப்பட்டபோது நான் மட்டும் விடுதியிலே நின்றுகொண்டேன். தலையிடி என்று சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. "உவனுக்குப் பகிடியெண்டால் வேப்பெண்ணெய் குடிச்ச மாதிரி" என்று உங்களில் ஒருவர் சைக்கிளில் ஏறிக்கொண்டே சொன்னது யன்னலுக்குள்ளால் எனக்குக் கேட்டது. கோபம் வரவில்லை. ஆனால் அன்று முழுவதும் ஒன்றும் வாசிக்க முடியவில்லை. நேரிலே சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் விடுதியின் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஏதாவது எழுதித் தா என்று நீங்கள் கேட்டு எத்தனையோ நாளாகிறது. இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாத்தியார் வேலைக்குப் படிக்கிற நாங்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரு வயதுக்காரர்; பேசாத படத்தின் காலம் உங்களுக்கும் கொஞ்சம் ஞாபகம் இருக்கும்.

கொடிகாமத்திலே, சந்தைச் சத்தம் காற்றுப்போக்கிலே கேட்கக்கூடிய தூரத்தில் எங்கள் வீடு. ஐயா கத்தரியும் மிளகாயும் வைத்து, விடியமுன் ஓலைக் கடகத்தில் அடுக்கிச் சந்தைக்குக் கொண்டுபோவார். கையெழுத்து வைக்கத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. அக்கா எனக்குப் பத்து வயது மூத்தவள். எங்களுக்கு நடுவிலே பிறந்தவை தங்கவில்லை.

அக்காவின் சிரிப்பைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். அவளுக்குச் சிரிப்பு வருமுன் ஒரு விக்கல் வரும். விக்கல் கேட்டால் அம்மா உடனே, "துவங்கிட்டாள்!" என்பாள். பிறகு மறிக்க முடியாது. கிணற்றடியில் அவள் சிரித்தால் துலா மிதிக்கிறவர் மேலே நின்று, "என்ன பிள்ளை, எங்களுக்கும் சொல்லன்" என்று கேட்பார். ஒன்றும் பெரிய விஷயம் இராது. சேவல் ஒன்று தன் நிழலைக் கொத்தியிருக்கும். ஐயா சால்வையை மறுபக்கம் போட்டுக்கொண்டு போயிருப்பார். அவள் கண்ணுக்கு இதெல்லாம் பகிடியாய்ப் படும். நான் வாழைச் சருகுக்குள்ளே ஒளித்திருந்தாலும் என் கால்விரலைக் கண்டுபிடித்துவிடுவாள். ஊரிலே அவ்வளவு கூர்மையான கண் வேறொருவருக்கும் இருந்ததாக எனக்குத் தெரியாது.

நான் எழுத்துக்கூட்டத் தொடங்கிய வருஷம், பனி விடாத மாசியிலே மலாயாச் சம்பந்தம் ஒன்று வந்தது. மாப்பிள்ளை ரயில் கந்தோரில் எழுதுவினைஞர். லீவில் வந்திருந்தார், கப்பல் நாள் கிட்டிக்கொண்டிருந்தது. எங்களைப்போன்ற தோட்டக்காரர் வீட்டுக்கு அப்படி ஒரு சம்பந்தம் வருவதென்றால், வீட்டுக் கூரையிலே பொன் காய்த்த மாதிரி. குறிப்பும் பொருந்திவிட்டது. பெண்ணைப் பார்ப்பதுதான் மிச்சம்.

அங்கேதான் சிக்கல். எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பார்ப்பது கோயிலில். திருவிழாவிலோ வெள்ளிக்கிழமைப் பூசையிலோ பெண் தன்பாட்டில் கும்பிட்டுக்கொண்டு நிற்பாள். மாப்பிள்ளையின் தாய் தன்பாட்டில் கும்பிட்டுக்கொண்டு நின்று பார்ப்பாள். பார்க்கிறார்கள் என்று இவர்களுக்குத் தெரியும்; தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும். ஆனால் ஒருவரும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. பிடிக்காவிட்டால் இரண்டு பக்கத்துக்கும் மரியாதைக் குறைவில்லை. அந்த நேரம் பார்த்து அடுத்த வளவிலே என் சின்னையாவுக்குப் பிள்ளை பிறந்தது. எங்களுக்குத் துடக்கு. கோயில் வாசலை மிதிக்க முடியாது. துடக்கு வீட்டுக்கு நல்ல காரியமாக ஒருவரும் வரவும் மாட்டார்கள். துடக்குக் கழியமுன் கப்பல் போய்விடும்.

சம்பந்தம் கொண்டுவந்த தரகர் குடையை மாமரத்தில் சாய்த்துவிட்டு முற்றத்திலே குந்தினார்.

"ஒரு வழி இருக்கு. சாவகச்சேரியிலை பயாஸ்கோப்புக் கூடாரம் போட்டிருக்கினம். நீங்கள் உங்கடைபாட்டிலை படம் பாக்க வாறியள். அவையள் தங்கடைபாட்டிலை வருகினம். ஆர் ஆரைப் பாத்தது?"

"கூத்துக் கொட்டிலிலையே பெட்டையைக் காட்டுறது?" என்றார் ஐயா.

"பெண்டுகளுக்குப் புறம்பாய்ச் சீலை மறைப்பு இருக்கு. விதானையார் வீட்டுப் பெண்டுகளே போனவை. கோயிலுக்குத் துடக்கு இருக்கு, படத்துக்கு ஆர் துடக்குப் பாக்கிறது?"

ஐயா அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையை ஆட்டினாள். கோயிலில் நிற்கிறமாதிரிக் கூடாரத்திலும் நின்றால் போதும் என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

அந்தக் கூடாரத்துக்காரரின் விளம்பர வண்டி எங்கள் ஒழுங்கைக்கும் வந்திருந்தது. ஒற்றை மாட்டுத் திருக்கல், இரண்டு பக்கமும் தட்டி, உள்ளே ஒருவன் தம்பட்டம் அடிக்க மற்றவன் ரோசாநிறக் கடுதாசிகளை வீசிக்கொண்டு போவான். நான் பொறுக்கி வைத்திருந்த கடுதாசியை எழுத்துக்கூட்டி வீட்டாருக்கு வாசித்துக் காட்டினேன். வயிறு நோகச் சிரிக்கவேண்டிய படம் என்று போட்டிருந்தது. அம்மாவின் முகம் மாறியது.

புறப்படுகிற அன்று பின்னேரம் அம்மா அக்காவின் தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னினாள். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு புத்தி.

"கேட்டுக்கொள். பல்லைக் காட்டாதை. தலையை நிமித்தாதை. ஏதும் கேட்டால் ஓம், இல்லை, அவ்வளவுதான். உன்ரை சிரிப்பைக் கேட்டால் அவையள் கப்பலுக்கும் நில்லாமல் நீந்திப் போயிடுவினம்."

அக்காவுக்கு விக்கல் வந்தது.

"துவங்கிட்டாள்! நாசமறுப்பாள், இப்பவே துவங்கிட்டாள்!"

"இல்லையெணை அம்மா, இனிச் சிரிக்கமாட்டன்" என்று அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. பிறகு ஐயா வந்து கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார். அவர் அக்காவோடு அதிகம் கதைப்பதில்லை. "பிள்ளை, உன்ரை வாழ்க்கை. விளங்குதே?" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அக்காவின் தோள் குலுங்கவில்லை.

சீலை மறைப்புக்கு இந்தப் பக்கம் பெண்களோடு நானும் இருந்தேன். மணலிலே பாய். கூடாரத்துணியில் தேங்காயெண்ணெயும் வேர்வையும் காபைட் விளக்கும் கலந்த ஒரு மணம். வெளியே மோட்டார்க் கார் ஒன்றின் எஞ்சின் இடைவிடாமல் இரைந்துகொண்டிருந்தது. அதிலிருந்துதான் படத்துக்கு வெளிச்சம் வருகிறது என்று சொன்னார்கள். வெள்ளைச் சீலைக்குப் பக்கத்தில் ஒருவர் நீளத்தடியோடு நின்று கதை சொன்னார். ஆர்மோனியம் ஒன்று, அதற்குத் தெரிந்த ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தது.

படம் இதுதான். ஒட்டிய கோட்டுப் போட்ட மெல்லிய துரை ஒருவர். வேலை இல்லாதவர். ஆளுயரக் கண்ணாடி ஒன்றை ஒரு பணக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை அவருக்குக் கிடைக்கிறது. கண்ணாடியை முதுகிலே கட்டிக்கொண்டு தெருவால் போகிறார். பின்னால் வருகிற நாய் தன்னைத்தானே கண்டு குரைக்கிறது. ஒரு மனுசி கண்ணாடியைப் பார்த்துத் தொப்பியைச் சரிசெய்துகொண்டே தெருத்தெருவாய் அவருக்குப் பின்னால் நடக்கிறாள். பொலிஸ்காரர் தன்னுடைய உருவத்தைக் கைது செய்யப் பார்க்கிறார். "விதானையார் வந்திட்டார்! விதானையாரை விதானையாரே பிடிக்கிறார்!" என்று தடிக்காரர் பொலிஸ்காரரை ஊர்த் தலைமைக்காரராக்கிக் கத்த, ஆண்கள் பக்கத்தில் விசிலடித்தார்கள். ஏணி விழுகிறது, வண்டி மோதுகிறது, கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் வீட்டு வாசலுக்குப் பத்திரமாகக் கொண்டுவந்து இறக்கி நிமிர்த்துகிறார். கண்ணாடிக்குள் ஒரு துரை நிற்கிறார். மரியாதை தெரிந்தவர் அல்லவா, இரண்டு கையாலும் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்கிறார். கண்ணாடி விழுந்து நொறுங்குகிறது.

கூடாரம் முழுவதும் உருண்டது. பக்கத்திலிருந்த கிழவி ஒருத்தி, பிள்ளை பெறுகிறவள்போல இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, என்னாலை ஏலாது, ஐயோ" என்று அழுதழுது சிரித்தாள். நான் சிரித்துச் சிரித்து மூத்திரம் போகப் பார்த்தேன். அக்காவின் கை என் முழங்காலிலே இருந்தது. நகம் பதிந்து நோகிறதென்று கையைத் தட்டினேன். முகத்தைப் பார்த்தேன். திரை வெளிச்சம் அவள் முகத்திலே ஓடிக்கொண்டிருந்தது. முகம் குனிந்தபடி. கோயிலில் தீபம் காட்டும்போதுகூட அவள் அவ்வளவு அசையாமல் நின்றதில்லை.

மாப்பிள்ளையின் தாய் அம்மாவுக்கு அடுத்தாற்போல இருந்தார். வெள்ளைச் சேலை, பவுண் கோத்த சங்கிலி. படச்சுருள் மாற்றுகிற நேரம் விளக்கைக் கொளுத்தினார்கள். அவர் கடுதாசியில் சுற்றிய கச்சான் கடலைச் சரையை அக்காவின் பக்கமாக நீட்டினார். நிமிரக்கூடாது என்று சொல்லி வைத்த பெண் எப்படிக் காண்பாள்? சரை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. அம்மா இடித்த பிறகுதான் அக்கா கையை நீட்டினாள். கச்சான் பாயிலே கொட்டுண்டது.

"பிள்ளைக்குப் படம் தெரியுதே?" என்று அந்த அம்மாள் ஆதரவாகத்தான் கேட்டார்.

"ஓம்" என்றாள் அக்கா, பாயைப் பார்த்துக்கொண்டு.

திரும்பி வருகிற வண்டியிலே அம்மாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "எங்கடை பிள்ளையோ இதெண்டு எனக்கே ஐமிச்சமாய்ப் போச்சு" என்று ஐயாவிடம் சொன்னாள். ஐயா மாட்டைத் தட்டிக்கொண்டு, "பேந்தென்ன" என்றார். அடுத்த நாள் காலை புட்டும் சம்பலும் வைத்தபோது அக்கா ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினாள். கன்னத்தின் உட்பக்கம் கிழிந்திருந்தது. அவ்வளவு நேரமும் அதைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். பல நாளுக்கு உறைப்புச் சாப்பிடவில்லை, கஞ்சிதான்.

கிழமை முடிகிறதற்குள் தரகர் வந்தார். இந்த முறை குந்தவில்லை.

"அவையள் உங்களிலை ஒரு குறையும் சொல்லேல்லை. குடும்பம் நல்லதெண்டுதான் சொல்லுகினம். பிள்ளைக்குக் கண் வடிவாய்த் தெரியாதெண்டதை முந்தியே சொல்லியிருக்கலாமெண்டுதான்…"

"ஆருக்குக் கண் தெரியாது?" என்றார் ஐயா.

"கோவிக்காதையுங்கோ. உது பேச்சுக் கீச்சு இல்லாத படம். காதாலை கேக்கிறதுக்கு அதிலை என்ன கிடக்கு? எல்லாம் கண்ணாலை. கண்ணுள்ளது எல்லாம் சிரிச்சுது. உங்கடை பிள்ளை மட்டும் கல்லுமாதிரி இருந்தவ. கச்சானைக் கூட முகத்துக்கு நேரை நீட்டியும் தெரியேல்லையாம்."

"நாங்களெல்லோ சிரிக்கவேண்டாமெண்டு சொன்னது!" என்று அம்மா உள்ளேயிருந்து கத்தினாள்.

"அதைப் போய்ச் சொல்லச் சொல்லுறியளே? அப்ப பாக்க வாறது முந்தியே தெரியுமெண்டெல்லோ ஆகுது. சொன்னாலும், பகிடியைப் பாத்துச் சிரிக்காமல் இருக்க மனிசராலை ஏலுமோ எண்டுதான் கேப்பினம்."

அப்போது அடுப்படிக்குள்ளிருந்து விக்கல் ஒன்று கேட்டது. பிறகு சிரிப்பு. அக்கா சிரித்தாள். கூடாரத்தில் அடக்கியது, கண்ணாடி, நாய், விதானையார், எல்லாம் சேர்ந்து வந்ததுபோலச் சிரித்தாள். தரகர் முகத்தைச் சுளித்தார். அம்மா ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தினாள். பொத்திய கைக்குள்ளே அது எப்போது அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியாது. அப்படி அவள் சிரித்து நான் பிறகு கேட்கவில்லை.

கதை தரகருக்கு முன்னாலேயே சந்தைக்கு வந்திருந்தது. ஐயா கடகத்தை இறக்கினால், "பெட்டைக்குக் கண் எப்பிடி?" என்று கேட்டார்கள். கேட்டவர்கள் கெட்டவர்கள் அல்ல, கவலையோடுதான் கேட்டார்கள். ஒழுங்கையில் பெடியள் அக்காவின் முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தார்கள். கிணற்றடிக்கு வந்த பெண்கள், "இது எத்தினை விரல், சொல்லு பாப்பம்" என்றார்கள். முதலில் அவள் சொன்னாள். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள். சொல்லாததையும் அவர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

அம்மா ஒரு யோசனை செய்தாள். யார் வீட்டுக்கு வந்தாலும் அக்காவை முற்றத்திலே இருத்தி ஊசிக்கு நூல் கோக்க வைத்தாள். அரிசியிலே கல் பொறுக்க வைத்தாள். "பாருங்கோ, எங்கடை பிள்ளை எவ்வளவு கெதியாய்க் கோக்கிறாள்" என்பாள். வந்தவர்கள் படலைக்கு வெளியே போனதும், "ஒரு குறையும் இல்லாத பெட்டையை ஏன் ஊசி கோக்க வைச்சுக் காட்டுகினம்?" என்று கதைத்தார்கள்.

அதிலும் பெரிய பிழை ஐயா விட்டது. அக்காவைத் திருக்கலில் ஏற்றி மிஷன் ஆஸ்பத்திரிக் கண் டாக்குத்தரிடம் கொண்டுபோனார். நானும் போனேன். வெள்ளைக்காரத் துரை விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உமது மகளுக்கு நல்ல கண், மிகவும் நல்ல கண்" என்று மிஷன் தமிழிலே சொன்னார். ஐயா அழுதுவிட்டார். வருகிற வழியெல்லாம் கண்டவர்களை மறித்து, "கண் டாக்குத்தரிட்டைக் காட்டிப்போட்டு வாறம், நல்ல கண்ணெண்டு சொல்லிப்போட்டார்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். ஊருக்கு அந்த முதல் பாதியே போதுமாயிருந்தது. கண் டாக்குத்தரிடம் போகிறவர் யார்?

இதையெல்லாம் இன்றைக்கு ஒரு படித்தவனாக எழுதும்போது எனக்கு அவர்களில் கோபம் வரவேண்டும். வரவில்லை. ஒவ்வொரு முறையும் அவர்கள் அவளுக்கு நல்லது என்றுதான் செய்தார்கள். தங்களுக்குத் தெரிந்ததைக் கொண்டுதான் செய்தார்கள். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது.

வருஷங்கள் போயின. ஒருவரும் கேட்டு வரவில்லை. அக்காவுக்குச் சீதனமாக எழுத வைத்திருந்த பனங்காணி சும்மா கிடந்தது. என்னை மேல்வகுப்புக்குச் சாவகச்சேரிக்கு அனுப்புவதா, தோட்டத்தில் இறக்குவதா என்ற பேச்சு வந்தபோது அக்காதான் சொன்னாள்: "அந்தக் காணியை விட்டுப்போட்டு அவனைப் படிப்பியுங்கோ. அதை ஆர் எனக்காகக் கேட்டு வரப்போகினம்?" ஐயா காணியை விற்றார். எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான் என்று நீங்கள் என்னைப் பாராட்டுகிறபோதெல்லாம் நான் நிலத்தைப் பார்ப்பது அதனால்தான். நான் யாரிடமும் அந்தக் காணியைக் கேட்கவில்லை. ஆனாலும் அதைத்தான் படித்தேன்.

நான் படித்துக்கொண்டிருக்கையிலேயே தரகர் திரும்பவும் வந்தார். மிருசுவில் பக்கத்தில் ஒரு மாப்பிள்ளை. நல்ல உழைப்பாளி. ஆனால் சின்ன வயதிலே அம்மை போட்டு முகம் முழுவதும் குழி. ஒரு கண்ணிமை கீழே இழுபட்டிருக்கும். பார்க்கப்போன இடத்தில் ஒரு பெண் அவர் முகத்தைக் கண்டு சிரித்துவிட்டாளாம். அதற்குப் பிறகு கலியாணம் வேண்டாம் என்று நின்றவரைத் தாய் இப்போதுதான் சம்மதிக்க வைத்திருக்கிறார்.

"சீதனம் ஒண்டும் வேண்டாமாம். கேள்விப்பட்டுத்தான் கேக்கினம்" என்றார் தரகர். "அவையளுக்கு… பாக்கேலாத பிள்ளை எண்டால்தான் நல்லம்."

ஐயா மண்ணைக் கிளறினார். பிறகு சொன்னார்: "அவையள் கண்ணைப்பற்றி எங்களைக் கேக்கேல்லை. நாங்கள் ஒண்டும் சொல்லவும் இல்லை. பொய்யெண்டு அதிலை என்ன இருக்கு?"

அம்மா அக்காவிடம் போய்ச் சொன்னாள். நான் பக்கத்தில் இருந்தேன். "அந்தாளை நேரை பாக்காதை, பிள்ளை. நீ பாக்கிறாயெண்டு தெரிஞ்சால் அந்தாளுக்கு மனம் உடைஞ்சு போம். எல்லாம் பிறகு சரிவரும்."

அக்கா அம்மாவைப் பார்த்தாள். "சிரிக்காதையெண்டியள், இருந்தன். இப்ப பாக்காதையெண்டுறியள்" என்றாள். கோபம் இல்லை அந்தக் குரலில். தண்ணீர் அள்ளவா, மாடு அவிழ்க்கவா என்று கேட்கிற குரல்.

கலியாணம் நடந்தது.

போன லீவுக்கு அவளைப் பார்க்கப் போனேன். பஸ்ஸால் இறங்கி நடந்து படலையைத் திறந்தபோது அக்கா கிணற்றடியிலே நின்றாள். என்னைக் கண்டாள். நான் அவள் கண்ணைப் பார்த்தேன், அவள் என் கண்ணைப் பார்த்தாள், முகம் மலர்ந்தது. அக்காவின் மாமி அடுப்படியிலிருந்து வெளியே வந்து, "பிள்ளை, ஆர் வந்திருக்கினமெண்டு சொல்லு பாப்பம்!" என்றார். உடனே அக்காவின் பார்வை என்னை விட்டு வாழைமரத்துக்குப் போனது. தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தாள்.

"ஆர்? கதைச்சால்தானே தெரியும்."

"தம்பியெல்லே, உன்ரை தம்பி!" என்று மாமிதான் சொன்னார். அக்கா கைகளை நீட்டிக் காற்றிலே துழாவிக்கொண்டு வந்து என் முகத்தைத் தடவினாள்.

அத்தான் நல்லவர். அவருடைய முகத்தைப் பற்றிச் சொன்னதெல்லாம் உண்மை. அவரைப் பற்றி ஒருவரும் சொல்லாத மிச்சமும் உண்மை. அடுப்படிக் கப்புக்காலிலிருந்து கிணற்றடித் தூண்வரை தும்புக்கயிறு கட்டியிருந்தார், அக்கா பிடித்துக்கொண்டு நடக்க. "வடக்காலை மழை இருட்டுது" என்றும், "மாமரம் ஒருபக்கம் பூத்திருக்கு, மற்றப்பக்கம் இல்லை" என்றும் அவளுக்கு எல்லாவற்றையும் சொல்வார். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். ஊரிலே தலையைக் குனிந்துகொண்டு திரிகிற மனிதர், அவளுக்கு முன்னால் மட்டும் முகத்தை நிமிர்த்தி இருந்தார்.

அவர் தோட்டத்துக்குப் போனபிறகு நான் மெதுவாகக் கேட்டேன்.

"அக்கா, ஒருநாள் சொல்லிப்போடன். நல்ல மனிசன்தானே."

"நல்ல மனிசன்தான். அதுதான்." அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள். "சொன்னால், இவ்வளவு நாளும் தன்ரை முகத்தை நான் பாத்துக்கொண்டிருந்தனெண்டெல்லோ நினைப்பர். பேந்து அந்தாள் எங்கை போய் இருக்கிறது?"

"அப்ப நீ?"

"நீ படி, தம்பி."

மாமி உள்ளே படுத்துவிட்டார். பட்டப்பகல். வளவிலே என்னைத் தவிர ஒரு சீவன் இல்லை. தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எழும்பி, அக்கா கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தாள். எனக்கு முன்னால் அது எதற்கு என்று கேட்க நினைத்தேன். நடைபாதையின் நடுவிலே யாரோ வைத்துவிட்டுப் போன வாளி ஒன்று வெயிலில் மின்னிக்கொண்டு நின்றது. விலகுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் விலகவில்லை. கால் அடிபட்டு வாளி உருண்டு, தண்ணீர் அவள் சேலையெல்லாம் நனைத்தது. அக்கா அப்படியே நின்றாள். ஒரு கையால் கயிற்றை இறுக்கிக்கொண்டு, கால் பெருவிரலால், வாளி எங்கே போயிற்று என்று மண்ணிலே தடவித் தடவித் தேடினாள்.